பேசும் பொம்மைகளும் அவற்றைப் பேணும் முறையும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, நாம் எடுத்துக்கொண்ட பொருளை அறிந்த நண்பரொருவர் நகைத்தார். "சமயமும் தமிழும் விஞ்ஞானமும் பேசவேண்டிய மலரிலே பொம்மைக்கு என்ன இடம்?" என்பது அவர் வினா. நியாயமான வினாவே. பொம்மைகளிலும் பேசும் பொம்மை என ஓரினம் உண்டு என்பதையும், அது பழுதுறும்போது பழுதுறுவது விளையாட்டுப் பொருள் மாத்திரமன்று என்பதையும் எடுத்துக் காட்டுவதே அதற்கு நாம் இறுக்கும் விடையாகும்.

இங்கே 'நாம்' என்றது, இக்கல்லூரியிற் பயின்று, பின்னர் ஆசிரியத் தொழில் காரணமாகக் கல்முனைக் கரையிலே குடியேறிய பழைய மாணவர் இருவரையும், சாய்ந்தமருதிலே வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் திருத்தி வாழும் நண்பர் ஒருவரையும் குறிக்கும். மாலை வேளைகளில் நாம் மூவரும் கூடிப் பேச்சிழந்த பொம்மைகளைப் பேசவைக்க முயல்வதிலும், முயன்றும் பேசாதவற்றை எறிந்துவிடாது சேர்த்துவைப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்துள்ளோம். அவ்வனுபவத்தால் நாம் கண்ட உண்மை இது: பேசும் பொம்மையில் உடல், பொறி, குரல் என மூன்று கூறுகள் உண்டு. முதலிரண்டும் கெட்டால் வேறு கொண்டு மாற்றலாம். மூன்றாவது கெட்டால் மாற்றுதல் இயலாது. இதனை அறியாத திருத்துநர் பொம்மையைப் பிழைக்கவைத்துக் குரலை இழந்துவிடுவர். நாமும் ஒருமுறை அவ்வாறு இழந்தவர்களே. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இக்கரைக்கு வந்த பொம்மைகள்

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிலிருந்து தெற்காக முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறிமாறிக் கோத்த மாலைபோல அமைந்தது இக்கரை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நிகழும். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நிகழும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே கொடியேற்றம் நிகழும். இத்தகைய விழாக்களிலே வீதியோரம் பாய்விரித்த கடைகளில் வாங்கிய பொம்மைகளே எமது தலைமுறையார் முதலிற் கண்ட 'பேசும்' பொம்மைகள். அவை பேசின என்பதிலும் அழுதன என்பதே பொருந்தும். பொம்மையைச் சாய்த்தால் அதன் வயிற்றினுள்ளே இருக்கும் சிறு துருத்தி தன் பாரத்தினால் தானே அமுங்கும்; வெளிப்படும் காற்று ஒரு நாக்கை அதிர்விக்கும்; அழுகுரல் எழும். ஆர்மோனியத்துக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றே.

1970களின் இறுதி தொடங்கி இக்கரையிலிருந்து ஆடவரும் மகளிரும் சவூதி அரேபியா, குவைத், கத்தார் முதலாம் நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லலாயினர். அவர்கள் திரும்புங்காற் கொண்டுவந்த பெட்டிகளில், பேச்சுக்கேற்ப வாயசைக்கும் கரடியும், கண்சிமிட்டும் பறவையும், மார்பை அழுத்தினால் வார்த்தை சொல்லும் பாவையும் வந்து சேர்ந்தன. அவை பேசிய மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவோ அரபாகவோ சீனமாகவோ இருந்தது. எம் கைக்கு வந்த பொம்மைகளுள் தமிழ் பேசியவை, வீட்டார் தாமே குரல் பதித்தவை மாத்திரமே. அதனாலேதான் இக்கரையிற் பொம்மை திருத்துவது பிறவிடங்களிற் போன்றதன்று. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒரு பொம்மையின் குரல் கெட்டால் அதே ஆலையில் வார்த்த இன்னொன்றைத் தேடி வாங்கலாம். ஓர் உம்மாவின் குரலைப் பதித்த பொம்மைக்கு இன்னொரு பிரதி எங்கே கிடைக்கும்?

முன்னோர் கண்ட பொறிகள்

இயங்கும் பாவை பற்றிய எண்ணம் நமக்குப் புதியதன்று. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையிலே உதயணனைச் சிறைப்பிடிக்க, உள்ளே வீரரை மறைத்த யந்திர யானை அனுப்பப்படுகின்றது. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவி விசயை தப்பிச் செல்வதற்கென மயிற்பொறி ஒன்று செய்விக்கின்றான். இவை காவியக் கற்பனைகளாயினும், பொறி என்னும் சொல்லும் அதனைச் செலுத்தும் எண்ணமும் நம்மவரிடம் இருந்தன என்பதற்குச் சான்றாவன.

எமது முஸ்லிம் நண்பர் இவ்விடத்திலே அராபிய அறிஞரை நினைவூட்டுவார். 9ஆம் நூற்றாண்டிலே பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீராலும் காற்றாலும் இயங்கும் ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கி நூல் செய்தனர். அல் ஜஸரி என்னும் பொறியியலாளர் 1206இல் முடித்த தமது நூலிலே, ஓடமொன்றில் அமர்ந்து வாத்தியம் இசைக்கும் பாவைகளை அமைக்கும் முறையை எழுதிவைத்தார். அவர் எழுதிவைத்த அளவுகளைக் கொண்டு, எண்ணூறு ஆண்டுகளின் பின்னும் அவரது கருவிகள் சிலவற்றை மீண்டும் செய்ய முடிந்துள்ளது. திருத்துநர் குறிப்பெழுதி வைக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

தென்னிந்தியாவிலே தோன்றிய பேரொலிப் பொம்மை மைசூர் அரசர் திப்பு சுல்தானின் மரப்புலியாகும். ஐரோப்பியன் ஒருவனை வீழ்த்தி அவன்மேற் புலி நிற்கும் உருவம் அது. பக்கத்திலுள்ள பிடியைச் சுற்றினால் உள்ளேயுள்ள துருத்திகள் இயங்கும், புலி உறுமும், கீழே கிடப்பவன் கதறுவான், அவன் கையும் அசையும். புலியின் வயிற்றிலே சிறு ஓகன் வாத்தியமும் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட இப்புலி, லண்டனிலே கிழக்கிந்தியக் கம்பனி மாளிகையில் 1808 முதல் வைக்கப்பட்டது. பார்ப்பவரெல்லாரும் பிடியைச் சுற்றிப் பார்த்தமையால், அங்குள்ள நூலகத்திலே படிக்க வந்தோர் அதன் ஓசையால் அல்லற்பட்டனர். 1880 முதல் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் இருக்கும் அது, இரண்டாம் உலகப்போரிலே கூரை இடிந்து வீழ்ந்து நொறுங்கிப் பின்னர் திருத்தப்பட்டது. இன்று அதனை விரும்பியவாறு சுற்ற எவரையும் விடுவதில்லை. பலர் கைபட்டு இயக்கிய பொம்மை தேய்ந்துவிடும் என்பதை அந்நூதனசாலையார் அறிவர்.

மனிதப் பேச்சையே பொறியால் எழுப்ப முயன்றவர் வொல்ப்காங் வொன் கெம்பலன். துருத்தியைச் சுவாசப்பையாகவும், அதிரும் நாக்கைத் தொண்டையாகவும், இறப்பர் புனலை வாயாகவும் அமைத்த தமது கருவியை விளக்கி 1791இல் அவர் நூல் வெளியிட்டார். அதே வழியிலே, தாளமானியாற் புகழ்பெற்ற மெல்சல் என்பவர் 'மாமா', 'பாப்பா' எனக் கூறும் பாவைக்கு 1824இல் பாரிசிலே காப்புரிமை பெற்றார். எமது கோயில் வீதியில் அழுத பொம்மை அப்பாவையின் வழித்தோன்றலே.

எடிசனின் பொம்மை தரும் பாடம்

துருத்தி பேச்சைப் போலச் செய்யுமேயன்றி, ஒருவர் பேசிய பேச்சை மீட்டுத்தர மாட்டாது. அதனைச் செய்தது 1877இல் எடிசன் கண்ட ஒலிப்பதிகருவி. 1890இலே அவர் அக்கருவியைச் சிறிதாக்கித் தகர உடல்கொண்ட பொம்மையினுள்ளே வைத்து விற்றார். பொம்மையின் முதுகிலுள்ள பிடியைச் சுற்றினால் மெழுகு உருளையிற் பதிந்த குழந்தைப்பாட்டு ஒலிக்கும். அக்காலத்திலே உருளையைப் பிரதி செய்யும் முறை இல்லாமையால், தொழிற்சாலைப் பெண்கள் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே பாடிப் பதிந்தனர். ஆயின் மெழுகு மென்மையானது; ஊசி சில முறை ஓடியதும் குரல் தேய்ந்தது. கையாற் சுற்றுவதால் வேகமும் சீராக இருக்கவில்லை. சில வாரங்களிலே விற்பனை நின்றது.

இப்பொம்மைகளைப் பிற்காலத்திலே சேகரித்தவர் சிலர், தம்மிடமுள்ள உருளைகளில் ஊசியை வைக்க மறுத்துவந்தனர். ஒருமுறை கேட்டால் ஒருமுறை அழியும் என்று அவர்கள் அஞ்சினர். அவர்கள் பொறுமை வீண்போகவில்லை. உருளையைத் தொடாமலே அதன் பள்ளங்களை நுண்ணோக்கியாற் படம்பிடித்துக் கணினியால் ஒலியாக மாற்றும் முறை அமெரிக்காவிலே உருவாயிற்று. அம்முறையால், எடிசன் 1888இல் பொம்மைக்கெனப் பரிசோதனையாகப் பதிந்த உலோக வளையமொன்று 2011இல் மீண்டும் ஒலித்தது. வளைந்து நெளிந்திருந்தமையால் எந்த ஊசியாலும் இயக்க ஒண்ணாதிருந்த வளையம் அது. 2015இல் மெழுகு உருளைகள் சிலவற்றின் குரல்களும் வெளிவந்தன. பெயரறியாத அந்தத் தொழிற்சாலைப் பெண்களின் குரலை இன்று எவரும் கேட்கலாம். இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கியவர்களாலேயே அக்குரல்கள் எஞ்சின.

கயிறும் நாடாவும் நுண்சுற்றும்

பின்வந்த பொம்மைகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகை கயிற்றுப் பொம்மை. அமெரிக்க மற்றெல் நிறுவனம் 1960இல் விற்பனைக்கு விட்ட சாற்றி கதி என்னும் பாவை இதற்குத் தலைமையானது. கழுத்தின் பின்னே உள்ள வளையத்தை இழுத்தால் கயிறு நீளும். உள்ளே வில் முறுகும். விட்டதும் சிறு இசைத்தட்டுச் சுழன்று பாவை ஒரு வாக்கியம் பேசும். ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியம் வருவது எங்ஙனம் எனச் சிறுவர் வியப்பர். தட்டிலே ஒரே சுருட்பள்ளம் இல்லை. வாக்கியத்துக்கு ஒன்றாகப் பதினொரு பள்ளங்கள் ஒன்றையொன்று அடுத்து ஓடுகின்றன. ஊசி எப்பள்ளத்தின் வாயில் விழுகின்றதோ அவ்வாக்கியம் ஒலிக்கும். இவ்வகையிற் கயிறு அறுவதும், உள்ளேயுள்ள இறப்பர்ப் பட்டி கெடுவதும் வழக்கமான பழுதுகள். உடலின் இரு பாதிகளும் ஒட்டப்பட்டிருப்பதால் பொருத்தைக் கூரிய கத்தியால் அறுத்தே திறக்கவேண்டும்.

இரண்டாம் வகை நாடாப் பொம்மை. 1985இல் வந்த ரெடி ரக்ஸ்பின் என்னும் கரடி இதன் முதல்வன். டிஸ்னி நிறுவனத்திற் பணியாற்றிய கென் ஃபோர்ஸ் இதனை உருவாக்கினார். வேர்ல்ட்ஸ் ஒஃப் வொண்டர் என்னும் நிறுவனம் விற்றது. கரடியின் முதுகிலே சாதாரண ஒலிநாடாக் கருவி ஒன்றுண்டு. கதைக்கு ஏற்பக் கரடியின் வாய் திறந்து மூடுவதும் கண்கள் அசைவதும் எவ்வாறு என்பதே விளக்கவேண்டியது. எமது நாட்டுக்கூத்தை நினைத்துப் பாருங்கள். அவையோர் பாட்டைக் கேட்கின்றனர். ஆடுவோன் காலோ அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்கின்றது. பாட்டும் மத்தளமும் ஒரே வேளையிற் செல்வதால் ஆட்டம் பாட்டோடு இசைகின்றது. கரடியின் நாடாவிலும் இவ்வாறே இரு தடங்கள் உள்ளன. ஒரு தடத்திலுள்ள கதை ஒலிபெருக்கிக்குச் செல்லும். மற்றத் தடத்திலுள்ள துடிப்புக்களை நாம் கேட்பதில்லை. அவை கண்ணுக்கு ஒன்றும், மேற்றாடைக்கு ஒன்றும், கீழ்த்தாடைக்கு ஒன்றுமாக உள்ள மூன்று மோட்டார்களுக்குக் கட்டளையாகச் செல்லும். வேறு சாதாரண நாடாவைப் போட்டால் பாட்டுக் கேட்கும், வாய் அசையாது. மத்தளம் இல்லாத கூத்தல்லவா அது! இக்கரடி பெரும் புகழீட்டியும் அந்நிறுவனம் 1987இலே கடன்பட்டு முறிந்தது. கரடியைப் பிற நிறுவனங்கள் பலமுறை புதுப்பித்தன. 2017இல் வந்த கரடிக்கு நாடாவும் இல்லை. அசையும் விழியும் இல்லை. கண் இருந்த இடத்திற் சிறு திரை உள்ளது.

மூன்றாம் வகை நுண்சுற்றுப் பொம்மை. 'சிப்' என நாம் வழங்கும் நுண்சுற்றிலே குரல் எண்களாக மாறி உறைகின்றது. 1998இல் வந்த ஃபர்பி என்னும் பறவை போன்ற பொம்மை இவ்வகையிற் பெயர்பெற்றது. கண், காது, அலகு, கால் யாவும் அசையினும் உள்ளே மோட்டார் ஒன்றே. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையில் ஒரே எஞ்சின் ஒரு நெடுந்தண்டைச் சுழற்ற, அதிலிருந்து குற்றும் பொறியும் தீட்டும் பொறியும் இயங்கக் காண்கின்றோமே, அதுபோல ஒரே தண்டிற் பூட்டிய மேடுபள்ளமான சக்கரங்கள் உறுப்புக்களை முறைமுறையே உயர்த்தித் தாழ்த்துகின்றன. இப்பொம்மை கேட்டதையெல்லாம் பதிந்துகொள்ளும் எனப் பயந்து, 1999இல் அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் அதனைத் தன் அலுவலகத்துள் கொண்டுவரத் தடைவிதித்தது. உண்மையில் அதற்கு ஒலியைப் பதியும் ஆற்றலே இல்லை.

பதியும் ஆற்றல் உள்ள பொம்மைகள் வேறு. மார்பிலோ கையிலோ பொத்தான் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் சில விநாடிப் பேச்சுப் பதியும். இன்னொன்றை அழுத்தினால் அது ஒலிக்கும். மலிவான இப்பொம்மைகளே எம் கரையிலே விலைமதிக்க ஒண்ணாதனவாயின.

ஒரு குரல் போன கதை

சுனாமிக்குச் சில ஆண்டுகளின் பின்னர், முதிய மாது ஒருவர் தம் பேர்த்தியின் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார். சிறுமிக்கு அப்போது ஆறு வயதிருக்கும். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி சென்றிருந்தார். புறப்படுமுன் கரடியின் மார்பிலே, "உம்மா கெதியா வாறன் மகள், அழாமப் படுங்க" என்று பதிந்து வைத்திருந்தார். இரவுதோறும் அதனை அழுத்திக் கேட்டே சிறுமி துயின்றாள். நாளடைவிற் குரல் தடித்து மெதுவாயிற்று. "உம்மாட குரல் ஆம்புளக் குரல் மாதிரி வருது சேர்" என்றாள் சிறுமி.

பழுது யாதென நாம் உடனே அறிந்தோம். பற்றரி தளர்ந்தால் நுண்சுற்றின் துடிப்பு மந்தமாகும், குரலும் தாழும். திறந்து பார்த்தபோது பற்றரி கசிந்து தகடுகளிலே களிம்பு ஏறியிருந்தது. வழக்கம்போல் முதலிற் பற்றரியைக் கழற்றினோம், தகடுகளைத் துடைத்தோம், காய்ந்தபின் புதிய பற்றரி இட்டு அழுத்தினோம். மெல்லிய இரைச்சலொன்று கேட்டது, அவ்வளவே.

குரல் பதியும் நுண்சுற்றுக்களில் இருவகை உண்டு. ஒருவகை மின் இல்லாதபோதும் பதிந்ததைக் காக்கும். அது நூறாண்டு நிற்கும் எனத் தயாரிப்பாளர் கூறுவர். மற்றவகை, பற்றரியின் மின் இருக்குமளவும் மாத்திரமே நினைவு வைத்திருக்கும். மின் நீங்கினால் நினைவும் நீங்கும். அக்கரடியிலிருந்தது இரண்டாம் வகை. தளர்ந்த பற்றரி அக்குரலை உயிரோடு தாங்கி நின்றது. அதனை நாமே கழற்றினோம். பக்கத்தில் இருந்த கைத்தொலைபேசியில் ஒருமுறை பதிந்துவிட்டுத் திறந்திருந்தால் யாதும் இழந்திருக்க மாட்டோம்.

தாய் நலமே திரும்பிவந்தார். வேறு வார்த்தைகள் பதிந்தும் கொடுத்தார். ஆயினும், "இது வேற" என்று சிறுமி சொன்னதாக அம்முதிய மாது எம்மிடம் கூறினார். நாம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

திருத்தும் முறை

அந்நிகழ்ச்சியின் பின்னர் நாம் கைக்கொண்ட முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, பொம்மை எந்த நிலையில் வந்தாலும், கரகரத்தாலும் தேய்ந்தாலும், அது பேசுவதை அப்படியே பதிந்துகொள்ளல். பதிந்தபின் அதனை இருவேறிடங்களிற் பிரதிசெய்து வைத்தல். பேசும் பொத்தானையும் பதியும் பொத்தானையும் வேறுபிரித்தறியுமுன் எதனையும் அழுத்தலாகாது. பதியும் பொத்தானை அறியாது அழுத்தினால் பழைய குரலின்மேல் நம் மௌனம் பதிந்துவிடும். எனவே அப்பொத்தானின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுகின்றோம்.

இரண்டாவது, பற்றரியைக் கழற்றுமுன், அதே வோல்ற்றளவுள்ள புதிய பற்றரித் தொகுதியைக் கம்பிகளால் அதே முனைகளில் இணைத்தல். மின் ஒரு கணமும் அறாதபடி இவ்வாறு செய்தால் நினைவு காக்கப்படும். நேர்முனையும் எதிர்முனையும் மாறாதிருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, கசிவைத் துடைத்தல். அல்கலைன் பற்றரியின் கசிவு காரத்தன்மையுடையது. தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்ட பஞ்சினால் அது நீங்கும். பழைய துத்தநாகக் காபன் பற்றரியின் கசிவு அமிலத்தன்மையுடையது. அதற்கு அப்பச்சோடா கரைத்த நீர் தகும். கல்லூரி ஆய்வுகூடத்திலே பாசிச்சாயத் தாள் நிறம் மாறக் கண்ட பாடம் இங்கே பயன்படுகின்றது. பின்னர் மருந்துக்கடையிற் கிடைக்கும் ஸ்பிரிட்டினால் துடைத்து நிழலில் உலர்த்தவேண்டும்.

நான்காவது, இயங்கும் உறுப்புக்கள். நாடாப் பொம்மைகளில் இறப்பர்ப் பட்டி தளர்ந்து நீளும், அல்லது தார்போல உருகி ஒட்டும். பழைய பட்டியை ஸ்பிரிட்டினால் முற்றாக நீக்கி, நூலாற் சுற்றளவு எடுத்துச் சற்றுக் குறைந்த பட்டியைப் பூட்டவேண்டும். மோட்டாரின் அச்சிலுள்ள சிறு பிளாஸ்ரிக் பற்சக்கரம் வெடிப்பது மிகச் சாதாரணம். 'டிக் டிக்' என ஒலித்து வாய் அசையாதிருந்தால் அதனையே முதலில் ஐயுறுக. இறுகிய பழைய கிறீசைத் துடைத்துப் பிளாஸ்ரிக்குக்கு ஏற்ற சிலிக்கன் கிறீசைச் சிறிதளவு இடலாம். வீடுகளிலே தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவருவர்; அது நாளடைவிற் பிசினாகித் தூசியையும் மணலையும் பிடித்துப் பற்களைத் தேய்க்கும்.

ஐந்தாவது, எமது கரைக்கே உரிய பகை: உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துச் செப்புக் கம்பியைப் பசுங்களிம்பாக்கும். பொம்மையின் பஞ்சு அவ்வீரத்தைத் தாங்கி வைத்திருக்கும். ஒலிபெருக்கியின் தாளிற் பூஞ்சணம் படரும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது, இத்தீவிலே மிகப் பெரும் உயிரிழப்புக்கு ஆளானது அம்பாறை மாவட்டமே. அதன்பின் இடிபாடுகளிடையே கிடைத்த பொம்மைகள் சில எம்மிடம் வந்தன. கடல்நீர் புகுந்த மின்பொறிக்கு முறை வேறு: அங்கே பற்றரியை உடனே நீக்கவேண்டும்; உப்புநீரில் மின் ஓடினால் தகடு சில மணி நேரத்திலே அரிக்கப்படும். பின்னர் நன்னீரிற் பலமுறை அலசி, ஸ்பிரிட்டிற் கழுவி, மெல்ல உலர்த்தவேண்டும். ஆயின் அந்நாட்களிலே கரையோரக் கிணறுகள் யாவும் உவர்த்துப்போய்க் குடிநீரே பவுசரில் வந்தது. பொம்மை அலசுவதற்கு நன்னீர் எங்கே? வந்தவற்றுட் பெரும்பாலானவை பேசவில்லை. அவற்றை உரியவர் திருப்பிக் கேட்கவுமில்லை, எறிந்துவிடச் சொல்லவுமில்லை. எமது அலுமாரியின் மேற்றட்டிலே அவை இன்றும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வரம்பும் உண்டு. மலிவான பொம்மைகளில் நுண்சுற்று, பலகைமேற் கரிய பிசின் துளியொன்றின் கீழே புதைந்திருக்கும். அது கெட்டால் எவராலும் திருத்தவியலாது. அப்போது உரியவரிடம் அதனை மறையாது கூறிவிடுதலே முறை.

சேகரித்தல்

சேகரிப்பு என்பது அலுமாரி நிரப்புதலன்று. எம்மிடமுள்ள ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு அட்டை உண்டு. எந்நாட்டில் வாங்கியது, எவ்வாண்டளவில் வந்தது, என்ன மொழி பேசியது, என்ன பழுது, யாது மாற்றினோம் என்பன அதில் இருக்கும். கழற்றிய பழைய உறுப்பையும் உறையிலிட்டு உடன் வைக்கின்றோம். பற்றரியை உள்ளே விட்டு வைப்பதில்லை. மின் நீங்கினால் குரல் நீங்கும் வகை என்று ஐயமிருந்தால் மாத்திரம், ஆண்டுக்கொருமுறை மேற்கூறிய முறையிற் பற்றரி மாற்றுகின்றோம். ஒலிநாடாக்களை வெயிலும் காந்தமும் அணுகாதபடி நிறுத்திவைக்கின்றோம். வீட்டாரின் குரலை அவர்கள் இசைவின்றி எவர்க்கும் ஒலித்துக் காட்டுவதில்லை. குரலும் ஒருவர் உடைமையே.

இவ்வேலைக்கு எமக்கு ஊக்கமளிப்பவர் இக்கரை ஈன்ற ஒரு பெருமகனார். 1892இல் காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானமும் கணிதமும் கற்ற தமிழறிஞர். வழக்கொழிந்து, வடிவமும் அறியப்படாது போன பழந்தமிழர் யாழினை இலக்கியக் குறிப்புக்களையும் சுருதிக் கணக்கையும் கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலாக அளித்தார். மறைந்த கருவியின் ஒலியை மீட்க அவர் பல்லாண்டு உழைக்கவேண்டியிருந்தது. ஒலியைப் பதிந்துவைக்கும் வசதி பழந்தமிழர்க்கு இல்லை. நமக்கோ அவ்வசதி சட்டைப்பையிலே இருக்கின்றது. இருந்தும் பதியாது விட்டால் அது நம் குற்றமேயாகும்.

அண்மையிலே பாண்டிருப்பிலிருந்து முதியவர் ஒருவர், காலஞ்சென்ற தம் மனைவியார் பேரனைப் பெயர்சொல்லி அழைக்கும் பொம்மையொன்றைக் கொண்டுவந்தார். முறைப்படி முதலிற் பதிந்துகொண்டோம். பத்து விநாடி இருக்கும். பின்னர்த் திறந்தபோது பலகை முற்றாக அரித்திருந்தது, பொம்மை மீளவில்லை. பதிந்த குரலைப் புதிய நுண்சுற்றொன்றில் ஏற்றி அதே உடலில் வைத்துக் கொடுத்தோம். பெரியவர் ஒருமுறை அழுத்திக் கேட்டார். இரண்டாம் முறை அழுத்தாமல் துணியிற் சுற்றிக்கொண்டு சென்றார்.

பழைய மாணவர்க்கும் இன்று பயிலும் தம்பிமார்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பேசும் பொம்மையோ, பேச்சுப் பதிந்த பழைய ஒலிநாடாவோ இருந்தால், பற்றரி மாற்றுமுன் அதன் குரலைப் பதிந்துவையுங்கள். பௌதிக ஆய்வுகூடத்திலே இசைக்கவையைத் தட்டிப் பார்த்த மாணவன், ஈயம் பற்றவைக்கவும் பற்சக்கரம் மாற்றவும் பழகிக்கொண்டால், தன் ஊருக்குப் பயனுள்ளவனாவான். இக்கரையிலே இத்தொழில் அறிந்தோர் சிலரே, அவர்களும் முதியோராகிவிட்டனர். கற்க விரும்பும் மாணவர்க்கு எமது மேசையில் இடமுண்டு.

பொம்மைக்கு விழா மலரில் என்ன இடம் என நகைத்த நண்பர், இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைப் படித்தார். மறுநாள் மாலை ஒரு பொதியோடு வந்தார். அதனுள்ளே அவர் மகளின் பழைய பாவையொன்று இருந்தது. "பற்றரியைக் கழற்றவில்லை" என்றார்.